பதினான்கு துப்பாக்கிகளும் ஹோபர்ட்டின் இடது கையும்

ஆர்டித் காம்ஸுக்குக் கை வேர்ப்பதே இல்லை. ஜூலைப் புழுக்கத்தில் நாய்கூட நிழலைவிட்டு நகராத நாளிலும் அவள் உள்ளங்கை காய்ந்த சோளத்தோல்போலச் சொரசொரவென்றுதான் இருக்கும். அது ஒரு தகுதி என்று அவளுக்குத் தெரியவந்தது கார்மல் ஃபோர்க் ஊரின் சட்டைத் தொழிற்சாலையில். தையல் மிஷின்களைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. சில பெண்கள் தொட்ட ஊசி மறுநாளே பழுப்பேறிவிடும், வெள்ளைச் சட்டையில் பொட்டுப் பொட்டாகத் துரு இறங்கும். 'துருக்கைக்காரி' என்று பெயர் வைத்து மேற்பார்வைக்காரி அவர்களைப் பொத்தான் எண்ணும் மேசைக்குத் தள்ளிவிடுவாள். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. சிலர் வேர்வை அப்படி. இரும்புக்கு ஆகாது.

இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தபின் ஒரு வெள்ளிக்கிழமை ஆலையை மூடி மிஷின்களை லாரியில் ஏற்றினார்கள். ஹோண்டுராஸுக்குப் போகிறதாம். ஆர்டித் கடைசி மிஷின்வரை எண்ணெய் விட்டுத்தான் அனுப்பினாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "அங்க எவளோ ஒருத்தி இதுல உக்காரப் போறா. அவ என்னடி பாவம் பண்ணினா?" என்றாள் ஆர்டித்.

அந்த அக்டோபரில் ஊருக்குத் தெற்கே கல்குவாரியில் வழக்கம்போல இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் கூடினார்கள். வருடத்துக்கு ஒருமுறை, பழைய போர்க்காலத் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் வந்து, உடைந்த குளிர்பெட்டிகளையும் பழைய கார்களையும் சுட்டுப் பொடியாக்கிவிட்டுப் போவார்கள். ஆர்டித் அங்கே பொரித்த ஆப்பிள் பணியாரம் விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் பட்டையால் குண்டு ஊட்டும் ஒரு துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மூன்று ஆண்கள் அதைக் குடைந்து, திட்டி, தட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஆர்டித், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் குட்டி ஸ்பிரிங்கைத் தலைகீழாப் போட்டிருக்கீங்க. அது பாட்டுக்கு அழுவுது, நீங்க பாட்டுக்கு அடிக்கறீங்க."

திருப்பிப் போட்டாள். துப்பாக்கி படபடவென்று பாடியது. அதன் உரிமையாளர் ஹோபர்ட் ஸ்லோன், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட நெட்டையான கிழவர், துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தார்.

"கையை நீட்டு பாப்போம்."

நீட்டினாள். அவர் தன் இடது கையுறையைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரல் அடியோடு இல்லை. உள்ளங்கை முழுவதும் ஈரம் மினுமினுத்தது.

"என் கை பட்டா இரும்பு தாங்காதும்மா. ராத்திரி தொட்டா காலையில செவந்துடும். பதினாலு மிஷின் கன் வச்சிருக்கேன். ஒண்ணையும் வெறுங்கையால தொட்டதில்ல. எங்கிட்ட வேலைக்கு வர்றியா?"

இப்படித்தான் அவள் அந்த வேலைக்குப் போனாள். போய் ஒன்பது வருடம்.

ஹோபர்ட்டின் வீடு ஒரு காலத்தில் ஊர் வங்கியாக இருந்த கட்டடம். சுரங்க இயந்திரங்களைப் பழுதுபார்த்துச் சம்பாதித்த பணத்தில் அவர் வாங்கியது. மாடியில் அவரும் மனைவி இமோஜீனும் குடியிருந்தார்கள். கீழே, ஒரு முழக் கனமுள்ள கதவு போட்ட பெட்டக அறையில் துப்பாக்கிகள். அறையின் பின்சுவர் முழுக்க எண் போட்ட பழைய லாக்கர்கள், எல்லாம் காலி என்று ஹோபர்ட் சொல்லியிருந்தார். இந்த மாதிரித் துப்பாக்கி ஒவ்வொன்றும் அரசாங்கத்தில் ஒருவர் பெயரில் பதிந்திருக்கும். பெயருக்குரியவர் பார்வையில்லாமல் இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது. ஆகவே ஆர்டித் வேலை செய்யும்போதெல்லாம் ஹோபர்ட் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கையுறைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

அவள் மேசையில் வெள்ளைத் துண்டை விரிப்பாள். கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் இடமிருந்து வலமாக வைப்பாள். பழைய ராணுவத் தோட்டா சுட்ட குழல் என்றால் முதலில் சோப்பு போட்ட வெந்நீர். வெடியுப்பு எண்ணெய்க்கு மசியாது, தண்ணீருக்குத்தான் கரையும். பிறகு துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மயிரிழைக் கனத்துக்கு எண்ணெய். மறுநாள் இன்னொரு தரம் பார்ப்பாள். மேல்பூச்சின் பழைய நீலத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க மாட்டாள். அது ஒருமுறை போனால் போனதுதான்.

"இந்தத் தாம்சன் துப்பாக்கி எப்பிடி இருக்கு ஆர்டி, தொட்டா?" என்று கேட்பார் ஹோபர்ட்.

"இரும்பு மாதிரி இருக்கு."

"அடி கிறுக்கி. குளுகுளுன்னு இருக்கா, வழுவழுன்னு இருக்கா?"

"வாத்து முதுகு மாதிரி இருக்கு ஹோபர்ட், போதுமா?"

அவர் கண்ணை மூடிக்கொள்வார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றே அவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஹோபர்ட் மாடிப்படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எழுபத்தொன்பது வயது. உயிலின்படி எல்லாம் இமோஜீன் பொறுப்பு. துப்பாக்கிகளை விற்றுவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. பதிவு மாறிக் கைமாறும்வரை அவை அவள் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். பெட்டகக் கதவின் எண்ணும் இப்போது அவளுக்கு மட்டுமே தெரியும். மார்ச் மாதம், வீட்டுக்குப் பின்னால் ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவள் ஆர்டித்தைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் ஒரு தரம் பளிச்சுன்னு பண்ணிக் குடுத்துடு கண்ணு. நான் அவர் நாற்காலியில உக்காந்துக்கறேன். எனக்கு இந்தச் சனியன்களைக் கண்டாலே ஆகாது, ஆனா சட்டம் உக்காருன்னு சொல்லுது."

இமோஜீனுக்கு எழுபத்தாறு. குள்ளம், வாய் நீளம். ஐம்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அந்த அறைக்குள் பத்து தடவைகூட வந்ததில்லை.

முதல் நாள் ஆர்டித் பதினான்கையும் எடுத்துப் பார்த்தாள். துளி துரு இல்லை. வாங்குகிறவர்கள் முதலில் கேட்ட பிரிட்டிஷ் துப்பாக்கியைச் சுத்தம் செய்து வைத்தாள். நான்கு மணிக்கு இமோஜீன் கதவைப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் கதவு திறந்ததும் ஆர்டித்தின் கண் அறைக்கோடியில் இருந்த ஜெர்மன் துப்பாக்கியின்மேல் போய் நின்றது. அதன் உடல்பகுதியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். புதுத் துரு. ஒரு கை படிந்த அடையாளம்.

இந்த அம்மாள் தொட்டிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்றும் பேசாமல் எண்ணெய் தடவி ஊறவைத்து, மெல்லிய வெண்கல நாரால் அழுத்தாமல் சுழற்றி எடுத்தாள். எடுக்கும்போதுதான் கவனித்தாள்: பெரிய கை. கட்டைவிரல் ஒன்று, விரல்கள் மூன்று. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு சுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் இத்தாலியத் துப்பாக்கியில் அதே கை. நான்காம் நாள் ரஷ்யத் துப்பாக்கியில். காற்றின் ஈரத்தைக் காட்டும் சுவர் ஈரமானி எப்போதும்போல நாற்பத்திரண்டில் நின்றது. அறை சோடா பிஸ்கட் டப்பாபோல உலர்ந்திருந்தது. ஆர்டித் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள். தன் கையையே அதன்மேல் வைத்து அளந்தாள். அவள் விரல் ஒரு கணு குட்டை.

அன்று மாலை இமோஜீனிடம் கேட்டு ஹோபர்ட்டின் நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனாள். எந்தத் துப்பாக்கி எந்த வருடம் வாங்கியது என்று அதில் எழுதி வைத்திருந்தார். முதலில் வாங்கியது ஜெர்மன். இரண்டாவது இத்தாலியன். மூன்றாவது ரஷ்யன். அடுத்த வரியைப் படித்தவள் புத்தகத்தை மூடிச் சோற்றுமேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை இமோஜீன் கதவின் எண்வட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆர்டித் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மிஸ் இமோஜீன், ஒண்ணு சொல்றேன், பயப்படக் கூடாது. இன்னைக்குத் தாம்சன்ல ஒரு கை இருக்கும்."

"என்ன கை?"

"திறங்க, சொல்றேன்."

திறந்தார்கள். தாம்சனின் பின்பக்கத்தில், மரக்கட்டை சேருமிடத்துக்கு மேல், மூன்று விரல்கள் ஆரஞ்சாய்ப் படுத்திருந்தன. இமோஜீன் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"இது நாலாவது."

"அதான், அம்பத்தொரு வருஷம் என் தையல் கத்திரியைக்கூடத் தொடமாட்டாரு. துரு ஏறிடும், துரு ஏறிடும்னு. சாப்பிடறதுகூட மரக்கரண்டிதான்." அவள் குரலில் பயத்தைவிடக் கோபம்தான் இருந்தது. "இப்ப வந்து தொடறாரு பாரு. உசுரோட இருக்கறப்ப யாரு கையைப் புடிச்சா?"

ஆர்டித்துக்கு வெளியே ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் துரு காத்திருக்காது. ஒரு நாள் விட்டால் கீழே குழி பறித்துவிடும். எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள்.

அதன்பின் தினமும் அப்படித்தான். ஒரு மாலை ஆர்டித் அறை வாசலிலிருந்து தரையெல்லாம் மாவு தூவி வைத்துப் பார்த்தாள். காலையில் மாவில் ஒரு கோடுகூடக் கலைந்திருக்கவில்லை, துப்பாக்கியில் மட்டும் கை இருந்தது. காலையில் அவள் துடைத்தாள், பகலில் இமோஜீன் மொச்சைக் கஞ்சியும் சோளரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள், நான்கு மணிக்குப் பூட்டினார்கள். ஒரு நாள் ஆர்டித், கஞ்சியைக் கலக்கியபடி, இமோஜீன் அந்த நாற்காலியில் ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். 

பத்தாம் நாள் துப்பாக்கிகளைப் பார்வையிட வியாபாரி ராய்ஸ் பர்சிஃபுல் வந்தான். தொப்பையும் உரத்த குரலுமான ஆள், ஹோபர்ட்டோடு இருபது வருடப் பழக்கம். ஆர்டித் இன்னும் அன்றைய துருவில் கைவைத்திருக்கவில்லை.

"என்ன ஆர்டி இது? எவன் பன்றிக்கறி தின்ன கையோட இதை எடுத்தது? ஒன்னைய நம்பித்தானே..." என்று ஆரம்பித்தவன், விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தான். உதடு அசைய விரல்களை எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு நிமிர்ந்து, இமோஜீனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"அவரைப் பொதைச்சாச்சுல்ல?"

"நீதானே ஒரு பக்கம் தூக்கினே," என்றாள் இமோஜீன்.

"ஆமா. கனமாத்தான் இருந்தாரு." அவன் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து கதவுக்குப் போனான். "நான் வெளியில வண்டியில இருக்கேன். நீங்க ஒண்ணொண்ணா போட்டோ புடிச்சு அனுப்புங்க. அவசரமில்ல."

வண்டி கிளம்பும் சத்தம் உடனே கேட்டது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரத்தில் அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

பதினான்காவது துப்பாக்கிக்கும் கை வந்தது. துடைத்தாயிற்று. மறுநாள் கதவைத் திறந்தார்கள். ஆர்டித் விளக்கோடு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தாள். எல்லாம் சுத்தம்.

"போயிட்டாரு போல," என்றாள் இமோஜீன். சந்தோஷமா வருத்தமா என்று சொல்ல முடியவில்லை.

ஆர்டித் குனிந்தாள். அவள் விளக்கு பின்சுவரில் நின்றிருந்தது. லாக்கர்களில் அடிவரிசையின் பெரிய கதவு ஒன்றில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அந்தக் கை. இந்தத் தடவை லேசான அடையாளமில்லை. அப்பிக் கிடந்தது. எஃகிலிருந்து துரு கசிந்து தரைவரை ஒழுகியிருந்தது.

அந்த லாக்கருக்குச் சாவி இல்லை. இருந்ததாகவே இமோஜீனுக்குத் தெரியாது. "துளை போடு," என்றாள். ஆர்டித் துளைக்கருவியைக் கொண்டுவந்து பூட்டின்மேல் வைத்து அழுத்தினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து உப்பும் வேர்வையும் கலந்த வாடை வந்தது, ஓடி வந்த ஆள் பக்கத்தில் நிற்பதுபோல.

உள்ளே ஹோபர்ட்டின் கட்டம்போட்ட பழைய சட்டை ஒன்றில் சுற்றி நீளமாக ஏதோ இருந்தது. ஆர்டித் சட்டையைத் தொட்டதும் கையை உதறினாள். நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும் ஈரம்.

விரித்துப் பார்த்தார்கள். கொரியப் போரில் வடக்குப் படைகள் வைத்திருந்த வகை, வட்டமான மேகசின் போட்ட சிறு இயந்திரத் துப்பாக்கி. ஆனால் ஆர்டித் தன் வாழ்நாளில் அப்படி ஓர் இரும்பைப் பார்த்ததில்லை. முழுக்கச் செம்பழுப்பு. குழலைச் சுற்றிய கூட்டிலும் பிடியிலும் விரல் விரலாகப் பள்ளம், சோப்புக்கட்டியை வெகுகாலம் ஒரே இடத்தில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்ததுபோல. இடது பக்கம் மூன்று விரல் பள்ளம். கட்டைவிரல் பட்ட இடம் ஓட்டையாகவே போயிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் இது இல்லை. அரசாங்கப் பதிவிலும் இருக்க வழியில்லை.

"லூதரோடது," என்றாள் இமோஜீன். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரரோட அண்ணன். கொரியாவுல இருந்து மூட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தாரு. அறுபத்திமூணுல சுரங்கக் கூரை விழுந்தப்ப ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்க. லூதரு போயிட்டாரு, இவருக்கு ஒரு விரல் போச்சு. அறுபத்தெட்டுல அரசாங்கத்துல ஒரு மாசம் டயம் குடுத்தாங்க, கேள்வி கேக்காம எல்லாத்தையும் பதிஞ்சு தர்றோம்னு. நான் கெஞ்சினேன். தன்கிட்ட இருந்து புடுங்கிக்குவாங்கன்னு பயந்தாரு. ஆத்துல போட்டுட்டேன்னு சொன்னாரு. நம்பிட்டேன்."

பிடித்த சுவரிலேயே சாய்ந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போவேன். அவரு வரமாட்டாரு. கணக்குப் போட்டுக்க, எத்தினி ஞாயிறு."

 வாத்து முதுகு என்று தான் சொன்னதும், அந்தக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டதும் ஆர்டித்தின் மனதில் வந்து நின்றன.

"இதையும் சுத்தம் பண்ணிடு கண்ணு. பண்ணித்தான் குடுக்கணும்."

"முடியாது மிஸ் இமோஜீன். பதியாத மிஷின் கன், இதைக் கையில எடுத்தா நம்ம ரெண்டு பேரும் உள்ள போகணும். இனி இதைப் பதியவும் வழியில்ல, ஒப்படைக்கத்தான் முடியும். அதுவுமில்லாம..." ஆர்டித் தயங்கினாள். "துருவை எடுத்தா அடியில இரும்பு இருக்கணும். இதுல துரு மட்டும்தான் இருக்கு."

இமோஜீன் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். அவள் சின்னக் கை அந்தப் பள்ளங்களுக்குள் போயிற்று, மூன்று விரல் மூன்று பள்ளத்தில், சுண்டுவிரல் வெளியே மடங்கி நின்றது. அப்படியே இருந்தாள். ஆர்டித் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்தபோது இமோஜீனின் கையெல்லாம் சிவப்பு. "ஈரமா இருக்குடி," என்றாள் மெதுவாக. "சுடுது."

வக்கீலுக்குத் தொலைபேசினார்கள். மறுநாள் மத்தியானம் அரசாங்க ஆட்கள் இருவர் வந்தார்கள், ஓர் ஆணும் ஓர் இளம்பெண்ணும். கணவர் செத்தபின் கண்டெடுத்ததைத் தானாகவே ஒப்படைப்பதால் இமோஜீன்மேல் வழக்கு ஒன்றும் வராது என்று சொன்னார்கள். அந்தப் பெண் ரப்பர் கையுறையோடு துப்பாக்கியைத் தூக்கிப் பழுப்புக் காகிதத்தில் வைத்தாள். காகிதம் உடனே கறுத்து நனைந்தது. அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"இதை இப்பத்தான் யாரோ கையில வச்சிருந்திருக்காங்க. யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

"அவர் எங்க?"

"பிப்ரவரியில காலமாயிட்டாரு."

அந்தப் பெண் பேனாவைத் தாளின்மேல் வைத்தாள், எடுத்தாள். பிறகு கடைசியாக வைத்திருந்தவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கப்புறம் பெட்டக அறையில் எந்தத் துருவும் வரவில்லை. ஆனாலும் இமோஜீன் அந்த வீட்டில் தங்க மாட்டேன் என்றுவிட்டாள். லெக்சிங்டனிலிருந்து அவள் அண்ணன் மகள் வந்து கூட்டிப்போகும்வரை பகலில் பெட்டகத்துக்குக் காவலாய் வந்து உட்காருவாள், மாலையில் ஆர்டித்தின் டிரெய்லர் வீட்டுக்குப் போய்விடுவாள். பதினோரு நாள் அங்கே இருந்தாள். ஹோபர்ட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரூக் சீட்டு ஆடினார்கள். இமோஜீன் எல்லாவற்றையும் வெல்லும் பறவைச் சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்து வைத்து ஆடினாள். ஆர்டித் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

பதிவு மாறுவதற்கு மாதங்கள் பிடித்தன, அதுவரை பெட்டகம் பூட்டியே இருந்தது, அதன் எண் இமோஜீனிடம் மட்டும். கடைசியில் பதினான்கும் ராய்ஸின் கைக்குப் போயின. கட்டடத்தை ஒரு பல் வைத்தியர் வாங்கினார். ஆர்டித் இப்போது வேறு மூன்று பேருடைய துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிறாள். இமோஜீன் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தாள், சீட்டாட. அப்போதுதான் ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல ஆர்டி, சொல்லலாம்னுதான். தினமும் காலையில பாத்துடறேன்."

"தினமுமா? எதுக்கு தினமும் பாக்கறே?"

 "சும்மாதான்," என்று வைத்துவிட்டான்.

"யாரு, ராய்ஸா? என்னவாம்?" என்றாள் இமோஜீன், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எல்லாம் சுத்தமா இருக்காம்."

"இருக்கும், இருக்கும்," என்றாள் அவள். "உன் ஆட்டம்தான். போடு."